ஹொலண்ட் மாமன் சீர்

எங்கள் ஊரில் யூரோவைப் பெருக்கத் தெரியாதவர்கள் கிடையாது. லீவில் வந்து புசல்லாவையில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தெரிந்தவர் ஒருவர் என் சம்பளத்தைக் கேட்டார். சொன்னேன். கைப்பேசியை எடுத்து ரூபாயில் பெருக்கிப் பார்த்து வாயைப் பிளந்தார். வாடகை எவ்வளவு என்று அவரும் கேட்கவில்லை, பிறகு வந்தவர்களும் கேட்கவில்லை. அதையும் ஒருமுறை பெருக்கிப் பார்த்திருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பார்கள்.

நான் இருப்பது ஹொலண்டில், டென்ஹாக் நகரத்தில். ஒரு கம்பனியில் கணினி வேலை. கௌரவமான வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் வரி போக வருவதில் பாதியை ஓர் ஒற்றை அறை விழுங்கிவிடும். காய்ச்சல் வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் மருத்துவக் காப்புறுதி கட்டியாக வேண்டும். மிச்சத்தில்தான் சாப்பாடு, ரயில், ஊருக்கு அனுப்புவது எல்லாம். நெரிசல் நேரம் கழிந்தால் ரயில் கட்டணம் குறையும் என்பதற்காக, வேலை முடிந்தும் ஸ்டேஷன் வாங்குப் பலகையில் பசியோடு உட்கார்ந்திருப்பேன். சந்தைக்குக் கடை கட்டும் நேரத்தில் போனால் ஒரு பெட்டி தக்காளியை ஒரு யூரோவுக்குத் தள்ளிவிடுவார்கள். பாதி அழுகல். அந்த வாரம் முழுக்கத் தக்காளிக் குழம்புதான். பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். அதை விட அதன் பூட்டுக்குத்தான் அதிகம் கொடுத்தேன். குளிர் காலத்தில் ஹீட்டரைக் கூட்டாமல், அறைக்குள்ளேயே ஜாக்கெட்டோடு உட்கார்ந்து சாப்பிடுவேன்.

இத்தனை கஞ்சத்தனமும் ஒரு வீட்டுக்காக. மனைவியும் மகளும் தெல்தெனியவில் என் மாமியார் வீட்டில் இருக்கிறார்கள். என் அறை முகவரியில் ஓர் ஆளுக்கு மேல் நகரசபையில் பதிய முடியாது. அவர்களைக் கூப்பிட்டுக்கொள்ளத் தனி வீடு வேண்டும், வீட்டுக்கு அட்வான்ஸ் வேண்டும். ஒரு வழியாக அதுவும் சேர்ந்துவிட்டது. ஒரு வீட்டுக்காரரிடம் பேசியும் வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து அக்கா மகளுக்குக் கல்யாணம் வந்தது.

தாய்மாமன் சீர் செய்யாமல் முடியாது, தப்பவும் நான் நினைக்கவில்லை. ஒரு சேலை, ஒரு மோதிரம் என்று மனதில் போட்டு வைத்திருந்தேன். ஊருக்கு வந்த மறுநாளே அக்கா என்னையும் மனைவியையும் கண்டியில் ஒரு நகைக்கடைக்குக் கூட்டிப் போனாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு பெட்டியைத் திறந்தார். ஆரம், வளையல், தோடு. எல்லாம் முன்னமே பார்த்து எடுத்து வைத்தவை.

"தம்பி வந்து காசு குடுப்பான்னு சொல்லிட்டேன்டா," என்றாள் அக்கா. "மண்டபத்துல, மைக்ல, ஹொலண்ட் மாமன் சீருன்னு சொல்றப்ப நமக்கு ஒரு மதிப்பு வேணாமா?"

"அக்கா, இது வீட்டு அட்வான்சுக்கு வச்சிருக்குற காசு. இவங்கள எப்புடிக் கூப்புடுறது?"

"ஒனக்கு இது ரெண்டு மாச சம்பளந்தானே. நான் பெருக்கிப் பார்த்துட்டுத்தான்டா எடுத்தேன்."

மனைவியைப் பார்த்தேன். அவள் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள். "குடுத்துருங்க. இல்லாட்டி நான்தான் தடுத்தேன்னு பேசுவாங்க."

கொடுத்தேன். கல்யாணத்தன்று மைக்கில் ஒன்றுக்கு இரண்டு தடவை அறிவித்தார்கள். தட்டை ஏந்திக்கொண்டு நடந்தபோது மண்டபமே திரும்பிப் பார்த்தது. என் மகள் கதிரையில் ஏறி நின்று கை தட்டினாள்.

திரும்பிப் போய் அட்வான்சுக்குத் தவணை கேட்டேன். வீட்டுக்காரர் வேறு யாருக்கோ சாவியைக் கொடுத்துவிட்டார். அவர்மேல் குற்றமில்லை, அங்கே ஒரு வீட்டுக்கு வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு மறுபடியும் ஸ்டேஷன் வாங்கு, மறுபடியும் அழுகல் தக்காளி.

அடுத்த குளிர் காலத்தில் ஒரு நாள் மனைவி வீடியோவில் வந்தாள். முகம் சரியில்லை. அக்கா வீட்டுக்குப் போயிருந்தாளாம். அக்கா மகளுக்கு அவ்வளவு நகை போட்டவன் பெண்டாட்டி பிள்ளையை மட்டும் ஏன் கூப்பிட்டுக்கொள்ளவில்லை என்று அங்கே வந்திருந்த பெண்கள் கேட்டார்களாம். அக்கா வாயைத் திறக்கவில்லையாம்.

"ஒன்னு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க," என்றாள். "அங்க வேற யாராச்சும் இருக்காங்களா?"

அந்த நகைக்கடையில் காசு கொடுத்தபோது என் பக்கத்தில் நின்றவள் அவள். இன்னொருத்தி கேட்டிருந்தால் வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பேன். அழுகை வந்தது. கைப்பேசியைத் திருப்பி அறையைச் சுற்றிக் காட்டினேன். கட்டில், அடுப்பு, தக்காளிப் பெட்டி, சுவரோரம் ஓர் அலுமாரி. அவ்வளவுதான்.

"அந்த அலுமாரியத் தொறந்து காட்டுங்க," என்றாள்.

திறந்து காட்டினேன். என் உடுப்புகளை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.