கரையிலிருந்து பார்த்த என்ஜின்

தோத்தாத்ரி குளிக்காமல் வால்வைத் தொடமாட்டார். காலை ஆறரைக்குள் குளித்து, பன்னிரண்டு திருமண் இட்டுக்கொண்டு, கூடத்தில் மணையைப் போட்டு என்ஜினுக்கு எதிரே உட்காருவார். ரப்பர் முனை வைத்த குச்சியை வால்வின் தலையில் அழுத்தி ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தயிர் கடைவதுபோல் உருட்டுவார். இந்தப் பக்கம் நூற்றெட்டு, அந்தப் பக்கம் நூற்றெட்டு. வால்வு, அது உட்காரும் இடத்தோடு தேய்ந்து தேய்ந்து, காற்றுப் புகாமல் பொருந்த வேண்டும். உதடு மட்டும் அசையும். எண்ணுகிறாரா, திருநாமம் சொல்கிறாரா என்பது அவர் மனைவி ரமாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அந்த என்ஜினுக்கு வால்வும் பன்னிரண்டு. இந்தப் பொருத்தத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் பன்னிரண்டாவது வால்வைத் துடைத்து வைக்கும்போது முகத்தில் ஒரு நிறைவு வரும்.

அது லாரி என்ஜின். ஆறு சிலிண்டர். செம்பாக்கத்தில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் அவருடைய வீட்டுக் கூடத்தில், சோபா இருந்த இடத்தில், இரும்புச் சட்டத்தின்மேல் இரண்டரை வருடமாக உட்கார்ந்திருந்தது. ஊஞ்சலைக் கழற்றிவிட்டு, அதன் கொக்கிகளில் செயின் கப்பியை மாட்டித்தான் பாரமான பாகங்களைத் தூக்கினார். லைனர் என்ற இரும்புக் குழாய்களை நாளைக்கு இரண்டாக மூன்று நாள் ஃபிரிஜ்ஜின் மேல்தட்டில் வைத்தார். குளிர்ந்தால் சுருங்கும், சுருங்கினால் சுலபமாக உள்ளே இறங்கும். அந்த மூன்று நாளும் ரமா உரித்து வைத்த பச்சைப் பட்டாணிக்குப் போக்கிடம் இல்லை. பிஸ்டன் வளையங்கள் அவளுடைய வளையல் ஸ்டாண்டில் தொங்கின.

இவ்வளவு செய்கிறவருக்கு லாரி ஓட்டத் தெரியுமா என்றால், ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. தாம்பரத்துக்கு நட்டு வாங்கப் போவதும் பஸ்ஸில்தான். என்ஜின் ஓடினால் எதில் பூட்டப்போகிறார் என்று கேட்டவர்களை, புரியாத கேள்வி கேட்ட குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

மகன் ஷ்யாம்சுந்தருக்கு சிறுசேரியில் வேலை. வாரத்தில் மூன்று நாள் கூடத்திலிருந்தே மீட்டிங். பின்னால் தெரிவதை மங்கலாக்கும் வசதியைப் போட்டால், அது கதவை மறைக்கும், காலண்டரை மறைக்கும், என்ஜினை மட்டும் ஓர் ஆளாக எடுத்துக்கொண்டு தெளிவாகக் காட்டும். "அவர் ஏன் பேசவே மாட்டேங்கறார்?" என்று ஒருமுறை மேலதிகாரி கேட்டாராம்.

தோத்தாத்ரி முப்பத்தொரு வருடம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். விபத்தான வண்டியைப் போய்ப் பார்த்து, தேறுமா தேறாதா என்று எழுதிக் கொடுக்கும் வேலை. எழுதியது எழுதியதுதான். ஒரு ரிப்போர்ட்கூடத் திருத்தத்துக்குத் திரும்பி வந்ததில்லை என்று ரிட்டயரான அன்று நடந்த கூட்டத்தில் நாலு பேர் சொன்னார்கள். அதைக் கேட்டபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். எல்லோரும் அடக்கம் என்று நினைத்தார்கள்.

ரமாவுக்குத் தெரியும். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால், ஒரு ஐப்பசி மழையில், தசரதன் என்பவருடைய லாரி செம்பாக்கம் ஏரிக்குள் உருண்டு கிடந்தது. பார்க்கப் போன தோத்தாத்ரி சேற்றில் இறங்கவில்லை. தீபாவளிக்கு வாங்கிய ஷூ புதுசு. கரையில் குடை பிடித்து நின்றபடியே பார்த்துவிட்டு, அலுவலகத்துக்குத் திரும்பி இரண்டு வாக்கியம் எழுதினார். 'என்ஜின் முழுவதும் பிரித்துப் பரிசோதிக்கப்பட்டது. இனி இயங்க வாய்ப்பில்லை.' அதன் கார்பன் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஏன் என்று சொல்லாமல் பீரோவில் வைத்தார்.

தசரதன் உள்ளூர்க்காரர். ஏரிக்கரையில் கழனி இருந்த குடும்பம், இப்போது செங்கல் மணல் வியாபாரம். இன்ஷூரன்ஸ் பணம் முழுசாக வந்துவிட்டதால் லாரி போனதைப் பற்றி அவருக்கு வருத்தமில்லை. இவர் கரையில் நின்றே பார்த்து எழுதியதைத்தான் அவரால் மறக்க முடியவில்லை. காய்கறிக் கடையில் தோத்தாத்ரியைப் பார்க்கும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவார்.

"இன்னா சார், கீரைய மட்டும் மூக்குகிட்ட வெச்சிப் பாக்கறீங்க? ரோட்டுலேர்ந்தே பாத்து எழுதிடுவீங்கன்னு நெனச்சேன்."

கடைக்காரரும் சிரிப்பார். தோத்தாத்ரி கீரையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அந்த வீட்டில் கீரை சமைப்பதே அபூர்வமாக இருந்தது. பிறகு ஒருநாள் தசரதன் வழக்கத்தைவிட ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னார்.

"அந்த இன்ஜின் இன்னும் எங்க வூட்டுப் பின்னாடிதான் கீது சார். கோழி அதுமேலதான் முட்ட வெக்குது. வேணும்னா எட்த்துனு போய் ஒருவாட்டி கிட்டக்க வெச்சிப் பாருங்க."

மறுநாள் காலை ஏழு மணிக்கு தசரதன் வீட்டு வாசலில் ஒரு குட்டி யானைச் சரக்கு வண்டி நின்றது. முன் சீட்டில் திருமண்ணோடு தோத்தாத்ரி. "நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் சார்," என்றார் தசரதன். "நான் எழுத்துக்கு வந்திருக்கேன்," என்றார் தோத்தாத்ரி.

ரமா ஒரே ஒரு முறைதான் கேட்டாள். "ஓடித்துன்னா நீங்க எழுதினது தப்புன்னு ஆயிடும். ஓடலேன்னா இத்தனை நாள் பட்ட பாடு வீண். உங்களுக்கு இதுல எது வேணும்?"

"எதுவா இருந்தாலும் இந்தத் தடவை பிரிச்சுப் பார்த்துட்டுச் சொல்லலாமோன்னோ," என்றார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

என்ஜின் முழுசாகச் சேர்ந்து நின்றபோது நவராத்திரி வந்துவிட்டது. கொலு வைக்கும் இடம் என்ஜின் இருக்கும் இடம்தான். ரமா ஒருநாள் யோசித்தாள். மறுநாள் என்ஜின்மேலும் அதைச் சுற்றியும் பலகைகளை அடுக்கி, வெள்ளை வேட்டியைப் போர்த்தி, பொம்மைகளை ஏற்றிவிட்டாள். உச்சியில் தசாவதாரம். அதற்குக் கீழே செட்டியார் கடை. பேட்டரிப் பக்கம் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. சுண்டல் வாங்க வந்த பக்கத்து வீட்டு பியூலா டீச்சர், வேட்டிக்கு அடியில் தெரிந்த கருப்புக் குழாய்களைப் பார்த்தார்.

"ஆன்ட்டி, இந்த வருஷம் தீம் என்ன, டிரான்ஸ்போர்ட்டா?"

"ஆமா," என்றாள் ரமா. "இன்னும் கொஞ்சம் சுண்டல் வாங்கிக்கோ."

தோத்தாத்ரி இதற்குச் சம்மதித்திருந்தார். விஜயதசமி காலை பத்தரைக்கு என்ஜினை ஓட்டிப் பார்ப்பது என்று நாள் குறித்து, தசரதனுக்கும் சொல்லியிருந்தார். விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்த பிறகுதான் கொலுவைக் கலைக்கலாம் என்பதும் அவருக்குத் தெரியும். இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. வாசலில் தசரதன் செருப்பைக் கழற்றியபோதுதான் தோன்றியது.

"பொம்மையை எடுக்கப்படாது," என்றாள் ரமா.

"நேரம் தாண்டப்படாது," என்றார் தோத்தாத்ரி.

தசரதன் கையில் எலுமிச்சம்பழத்தோடு கொலுவை மேலும் கீழும் பார்த்தார். "வண்டிக்குப் பூஜைன்னா டயருக்கு அடில வெப்போம். இதுல எங்க சார் வெக்கறது?" பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பொம்மைகளோடே ஓட்டுவது என்று முடிவாயிற்று. ஷ்யாம்சுந்தர் ஜன்னல்களைத் திறந்தான். புகைக்குழாய் ஜன்னல் கம்பி வழியாக பியூலா டீச்சர் வீட்டு முருங்கை மரத்தை நோக்கி நீண்டிருந்தது. ஊஞ்சல் கொக்கியில் டீசல் கேன் தொங்கியது. தோத்தாத்ரி வெற்று மார்போடு நின்று பொத்தானை அழுத்தினார். என்ஜின் கரகரவென்று சுற்றியது. அவதாரங்கள் நடுங்கின. பிடிக்கவில்லை. இரண்டாவது முறையும் இல்லை. மூன்றாவது முறை ஒரு சின்ன போலீஸ்கார பொம்மை கீழே விழுந்ததுதான் மிச்சம்.

"ரிப்போர்ட் சரியாத்தான் இருந்திருக்கு," என்றார் தோத்தாத்ரி, கொஞ்சம் வேகமாகவே. பல் பிடுங்க வேண்டாம் என்று டாக்டர் சொன்ன ஆளின் முகம் போல இருந்தது அவர் முகம்.

கேலி செய்ய இதைவிட நல்ல இடம் தசரதனுக்குக் கிடைத்திருக்காது. ஆனால் அவர் சட்டைப் பையில் இருந்த பழத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

போலீஸ்காரரை எடுக்கக் குனிந்த ரமா, வேட்டியை விலக்கினாள். டீசல் பம்பின் பக்கத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பிடி. அது பின்னால் இருந்தால் டீசல் போகாது, என்ஜின் நிற்கும். அதைப் பின்னுக்கு இழுத்து, பூக்கட்டும் வாழைநாரால் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

"நேத்து ஒரு துண்டு நார் கேட்டேளே, இதுக்கா?"

"பாதுகாப்புக்குத்தான். கொலு பார்க்கக் குழந்தைகள் வரதுகள், தெரியாம பொத்தானை அழுத்திடுத்துகள்னா?"

"இப்போ குழந்தை யாரும் இல்லையே."

நாரை நோக்கித் தோத்தாத்ரியின் கை நீளவில்லை. ரமாவே பிறகு பூ கிள்ளுவதுபோல நகத்தால் நாரைக் கிள்ளினாள். பிடி தானாக முன்னால் வந்தது.

"அழுத்துங்கோ," என்றாள்.

அழுத்தினார். ஒரு இருமல், இரண்டு இருமல், பிறகு வீடே அதிர்ந்தது. முருங்கை மரம் கருத்துக் காணாமல் போனது. செட்டியார் கடையை விட்டு நகர்ந்து வடக்கே போனார், செட்டிச்சி தெற்கே போனாள். வாமனர் விளிம்புக்கு வந்துவிட்டதைப் பார்த்து தசரதன் பாய்ந்து, பத்து அவதாரங்களையும் இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டார். ரமா குத்துவிளக்கைப் பிடித்தாள். தலையாட்டி பொம்மை, யார் எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லும் வேகத்தில் ஆடியது.

"கொரலப் பாருங்க சார்," என்று அவதாரங்களுக்கு மேலிருந்து கத்தினார் தசரதன். "செத்துப்போச்சின்னு எழுதினீங்களே, இன்னா சத்தம் போடுது பாருங்க."

தோத்தாத்ரிக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. சிலிண்டர் பக்கம் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, ஐந்து நிமிடம் அப்படியே நின்றார். அப்புறம் பிடியைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தினார். சத்தம் அடங்கிய பிறகும் பொம்மை கொஞ்சநேரம் தலையாட்டியது.

சரஸ்வதி பூஜைக்கு அடுக்கிய புத்தகங்கள் பெருமாள் படத்துக்கு முன்னால் இருந்தன. அவற்றின் அடியிலிருந்து ஒரு பழைய ஃபைலை உருவினார். கார்பன் நகல் மஞ்சளாகியிருந்தது. மணையில் உட்கார்ந்து, ஸ்கேல் வைத்து, 'இனி இயங்க வாய்ப்பில்லை' என்ற இரண்டாவது வாக்கியத்தை அடித்து ஒரு கோடு போட்டார். ஓரத்தில் சுருக்கக் கையெழுத்தும் தேதியும் இட்டார். 'முழுவதும் பிரித்துப் பரிசோதிக்கப்பட்டது' என்ற முதல் வாக்கியத்தை இரண்டு முறை படித்துவிட்டு அப்படியே விட்டார். அது இப்போது உண்மை.

திருத்தத்துக்கு முத்திரை வேண்டும். பழக்கத்தில் கை சட்டைப் பையைத் தேடி வெற்று மார்பைத் தட்டியது. முத்திரையை ரிட்டயரான அன்றே ஒப்படைத்தாயிற்று. தோத்தாத்ரி சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு என்ஜினுக்கு அடியில் சொட்டியிருந்த எண்ணெயில் கட்டைவிரலைத் தோய்த்து, கையெழுத்துக்குக் கீழே அழுத்தி வைத்து, காகிதத்தை தசரதன் படிக்கும்படி அவர் பக்கம் திருப்பினார்.