கொம்பன் லேகியமும் பிரேமாவதியின் சிரிப்பும்

ஊர் ஆண்கள் பரஞ்சோதியைக் கண்டு பயந்ததெல்லாம் அவர் வாய்க்குத்தான். பீடோங் இரவுச் சந்தையில் அவர் மைக்கைக் கையில் எடுத்துவிட்டால், மனைவியோடு மீன் வாங்க வந்தவர்கள் அந்தப் பக்கமே வராமல் சுற்றிக்கொண்டு போவார்கள். சுற்றிப் போனாலும் விடமாட்டார். "அதோ, நீலச் சட்ட தம்பி, ஏன் ஓடுறீங்க? டயர்ல காத்து இல்லியா?" என்பார். சந்தையே சிரிக்கும். நீலச் சட்டைக்காரன் ஒரு குப்பியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு நழுவுவான். அவன் வாங்கியது மருந்தை அல்ல, அந்த இடத்தை விட்டுப் போகும் அனுமதியை. பரஞ்சோதிக்கு அது நன்றாகவே தெரியும்.

அவர் விற்றது கொம்பன் லேகியம். குப்பியின் மேல் தந்தம் நீட்டிய யானை ஒன்று நிற்கும். உள்ளே கருப்பட்டி, சுக்கு, வெந்தயம், நல்லெண்ணெய், வாசனைக்குக் கொஞ்சம் ஜாதிக்காய். வயிற்றுக்கு நல்லது, மற்றதற்கு ஒன்றும் செய்யாது. இது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் விற்றவர், இன்னொருவர் அடுப்படியில் நின்று அதைக் கிண்டிய அவர் மனைவி பிரேமாவதி.

ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவரின் மகன் பரஞ்சோதி. தோட்டம் செம்பனைக்கு மாறியபோது குடும்பம் பீடோங்குக்கு வந்தது. தொழிற்சாலை வேலை ஒன்று கிடைத்தது, வாயால் போனது. பிறகு சந்தையில் தைலம் விற்ற ஒரு சீனரைப் பார்த்து மைக் பிடித்தவர், அப்புறம் அதைக் கீழே வைக்கவே இல்லை. கெடா மாநிலத்தில் அவர் கூவாத சந்தை குறைவு. மலாய்க்காரர்களிடம் மலாயில் கூவுவார், சீனர்களிடம் அரைகுறைச் சீனத்தில் கூவுவார். தமிழர்களிடம் மட்டும் கூச்சமே இல்லாமல் கூவுவார்.

ஆனால் வியாபாரத்தின் உச்சம் அவருடைய பேச்சில் இல்லை. கூட்டம் சூடேறியதும், "நான் சொல்றத நம்பாதீங்க. என் சம்சாரத்தையே கேளுங்க!" என்று சொல்லி, பக்கத்தில் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருக்கும் பிரேமாவதியின் வாய்க்கு நேரே மைக்கை நீட்டுவார். அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். தலையைக் குனிவாள். உதட்டோரத்தில் சின்னதாகச் சிரிப்பாள். "போதுமாலா? இதுக்கு மேல சாட்சி வேணுமா?" என்று பரஞ்சோதி கத்துவார். கைகள் நீளும், குப்பிகள் பறக்கும்.

அந்தச் சிரிப்பு வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிது. சந்தையைச் சுற்றிப் பார்க்கலாம் என்று அழைத்துப் போனவர், முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் மைக்கை நீட்டிவிட்டார். அத்தனை ஆண்கள் தன்னைப் பார்ப்பதைக் கண்டு அந்தப் பெண் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. கூட்டம் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு வாங்கித் தள்ளியது. வீட்டுக்குத் திரும்பும்போது பரஞ்சோதி சொன்னார்: "தல குனிஞ்சது நல்லா இருந்துச்சி. ஆனா கொஞ்சம் சிரிலா. அழுவுற மூஞ்சியப் பாத்தா எவன் வாங்குவான்?" அடுத்த சந்தையிலிருந்து அவள் சிரித்தாள்.

கோயிலில் பெண்கள் அவளைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். மகள் கலைமகளிடம் பள்ளியில், "உங்கம்மாதானே அந்தச் சிரிக்கிறவங்க?" என்று கேட்டார்கள். கலைமகள் படித்து, கல்யாணம் கட்டிக்கொண்டு, கோலாலம்பூரோடு போய்விட்டாள். தீபாவளிக்கு வருவாள், சந்தை நாளுக்குள் கிளம்பிவிடுவாள். இதற்கெல்லாம் பரஞ்சோதி கவலைப்படவில்லை. அவருக்கு வேறொன்று நேர்ந்திருந்தது. ஊருக்கு விற்ற சரக்கில் ஒன்றைத் தானே வாங்கிவிட்டார். தான் சொல்லிக்கொடுத்த சிரிப்பு என்பதை அடியோடு மறந்துபோய், அதைத் தன் ஆண்மைக்குக் கிடைத்த நற்சான்றாகவே நம்ப ஆரம்பித்துவிட்டார். லேகியம் பொய் என்று அவருக்குத் தெரியும். சிரிப்பு பொய்யாக இருக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

அறுபதைத் தாண்டியதும் சிறுநீரில் தகராறு வந்தது. சோதித்துப் பார்த்தார்கள், புரோஸ்டேட்டில் புற்றுநோய். பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரியில் சுரப்பியையே எடுத்தார்கள். உயிர் தப்பியது. குழாயும் பையுமாகக் கட்டிலில் கிடந்தவரை அடுத்த கட்டில்காரர் உற்று உற்றுப் பார்த்தார். அவர் பெயர் மரியராஜ், ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், அதே அறுவை சிகிச்சைக்கு வந்தவர்.

"அண்ணே, நீங்க கொம்பன் லேகியம் விக்கிறவர்தானே?"

பரஞ்சோதி கண்ணை மூடிக்கொண்டார்.

"எம் பொண்டாட்டி ஜேனக் கூட்டத்துல வெச்சி ஒரு கேள்வி கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா? வீட்டுக்கு வந்து அழுதா," என்றார் மரியராஜ். பிறகு வார்டு முழுவதும் கேட்கும்படி, "ஏண்ணே கவலப்படுறீங்க? ரெண்டு குப்பி அடிச்சா எந்திரிச்சிடாதா?" என்றார். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆறு கட்டில்களும் சிரித்தன. தாதியும் சிரித்தாள். பிரேமாவதி மட்டும் சிரிக்காமல் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

குழாயை எடுத்த பிறகு சிறுநீர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தும்மினால் ஒழுகியது. பெம்பர்ஸ் கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது. மற்றதோ, இருக்கிற இடமே தெரியாமல் கிடந்தது. சில மாதங்கள் கழித்து மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் ஹேமநாதன் என்ற இளைஞர் பொறுமையாகச் சொன்னார்.

"அங்கிள், ஒரு பக்க நரம்ப எடுக்க வேண்டியதாப் போச்சி. இன்னொரு பக்கம் இருக்கு, ஆனா தூங்குது. எழுந்திரிக்க ஒரு வருசமோ ரெண்டு வருசமோ ஆகலாம். எழுந்திரிக்காமலும் போகலாம். அதுவரைக்கும் மூணு வழி இருக்கு. மாத்திர சுலபம், ஆனா நரம்பும் கொஞ்சம் ஒத்துழைக்கணும், மனசுல ஆசையும் இருக்கணும். பம்ப் காத்த உறிஞ்சி ரத்தத்த இழுக்கும், அடியில வளையம் மாட்டி நிறுத்தணும், அர மணி நேரத்துக்குள்ள கழட்டிடணும். ஊசி அந்த இடத்துலயே குத்துறது. பலமானது. அதுக்கு நரம்பும் வேணாம், ஆசையும் வேணாம்."

பரஞ்சோதி மூன்றையும் வியாபாரியின் காதோடு கேட்டார். எது சீக்கிரம், எது நிச்சயம், எதை வெளியே சொல்லாமல் செய்யலாம் என்று கணக்குப் போட்டார்.

"ஆண்ட்டி ஏதாவது கேக்கணுமா?" என்றார் டாக்டர்.

பிரேமாவதி அன்றைக்குத்தான் முதல்முறையாக வாயைத் திறந்தாள். "ஆச வேணாத மருந்தே எங்களுக்குப் போதும் டாக்டர்," என்றாள்.

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டார். பரஞ்சோதி, வெட்கத்தில் பேசுகிறாள் என்று எண்ணிச் சிரித்தார். அந்த மனிதருக்கு அவ்வளவுதான் அறிவு.

முதலில் மாத்திரையே வாங்கினார். வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தார். முகம் சிவந்தது, மூக்கு அடைத்தது, தலை வெடித்தது. எழும்ப வேண்டியது எழும்பவில்லை. பிரேமாவதி தலைவலித் தைலத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் துணி காயப்போடப் போனாள். மரியராஜுக்குப் போன் போட்டார். "எனக்கு மாத்திரையே கொஞ்சம் கொஞ்சமா பிடிக்குதுண்ணே. ஒண்ணும் ஆவலேன்னாலும் ஜேனும் நானும் சிரிச்சிட்டுப் படுத்துடுவோம்," என்றார் அவர். பொய் சொல்கிறான் என்று பரஞ்சோதி போனை வைத்துவிட்டார். கட்டிலில் இரண்டு பேர் சேர்ந்து சிரிக்க முடியும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

அடுத்தது பம்ப். கண்ணாடிக் குழாயும் கைப்பிடியுமாக அது வந்தது. குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அடித்தார். நீலம் பாரித்து, சில்லென்று, யாருடையதோ மாதிரி ஒன்று எழுந்தது. வளையத்தை மாட்டுவதற்குள் பிடி நழுவி அது படுத்துவிட்டது. ஊரார் டயரில் காற்று இல்லை என்று அத்தனை வருடம் கத்தியவர், குளியலறையில் குந்தியபடி காற்று அடித்துக்கொண்டிருந்தார். இதற்காக இரக்கப்படுகிறவர்கள் இரக்கப்படலாம். பீடோங்கில் அப்படி யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த வாரத்தில்தான், சொல்லவே கூடாத ஒன்றையும் செய்தார். அலமாரியில் இருந்த கொம்பன் லேகியத்தை எடுத்து முழுக் குப்பியையும் வழித்துத் தின்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த மனிதர், தெரிந்தே தின்றார். மறுநாள் முழுக்க வயிற்றுப்போக்கு. பெம்பர்ஸை மாற்றிவிட்டபடி பிரேமாவதி, "வெந்தயம் கொஞ்சம் கூடிப்போச்சி போல," என்றாள்.

கடைசியில் ஊசி. பிரிட்ஜில், மீன் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். தாதி காட்டியபடி ஒரு மத்தியானம் குத்திக்கொண்டார். வலித்தது, ஆனால் நின்றது. உண்மையாகவே நின்றது. பரஞ்சோதிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "பிரேமா! ஏய் பிரேமா! இங்க வா!" என்று வீடு அதிரக் கூப்பிட்டார்.

அவள் கரண்டியோடு வந்தாள். வாசற்படியில் நின்றபடியே பார்த்தாள்.

"சரி, நின்னுடுச்சி," என்றாள். "நாலு மணி நேரத்துக்கு மேல அப்படியே நின்னா ஆஸ்பத்திரிக்கு வரணும்னு சொன்னாங்க. கடிகாரத்தப் பாத்துக்கங்க. எனக்கு அடுப்புல கொழம்பு இருக்கு."

அவள் போய்விட்டாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். அது தானாக அடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ஊசி பிரிட்ஜிலேயே கிடந்தது.

இதற்கிடையில் சந்தைக்குத் தனியாகப் போக ஆரம்பித்திருந்தார். குரல் பழையபடிதான் இருந்தது, சரக்குத்தான் நகரவில்லை. "அக்கா எங்கண்ணே? அக்கா சிரிக்காம எப்படி நம்புறது?" என்று கூட்டம் கேட்டது. உடம்பு சரியில்லை என்று ஒருமுறை சொன்னார், மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று மறுமுறை சொன்னார். பின்வரிசையில் யாரோ, "அக்கா சிரிப்ப நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டபோது பெம்பர்ஸ் நனைந்தது. இனி அவளைக் கூட்டிக்கொண்டு வராமல் முடியாது.

அப்போதுதான் அவருக்குப் பயம் பிடித்தது. மைக்கை நீட்டினால் அவள் என்ன செய்வாள்? அத்தனை வருடம் பேசாதவள் அன்றைக்கு வாயைத் திறந்துவிட்டால்? மாத்திரை, பம்ப், ஊசி, பெம்பர்ஸ் எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டால்? அவளுக்கு அதற்கு நியாயம் உண்டு என்பதும் எங்கேயோ ஒரு மூலையில் அவருக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தார். அந்தப் பழக்கம் இல்லாததால் புதுப் புடவை ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

"மைக்கு நீட்டினா என்ன செய்வே?" என்று கேட்டார்.

"எப்பவும் செய்றதுதான்," என்றாள் புடவையை மடித்தபடி.

அந்தச் சாயங்காலம் பீடோங்கில் நல்ல கூட்டம். பிரேமாவதி பழைய முக்காலியில், பழைய புடவையில் உட்கார்ந்திருந்தாள். பரஞ்சோதி எந்தப் பையனையும் வம்புக்கு இழுக்கவில்லை. "சம்சாரத்தையே கேளுங்க!" என்ற இடம் வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. கூட்டமே அவருக்காக அதைச் சொல்லிக் கத்தியது. அவர் மைக்கை நீட்டினார்.

பிரேமாவதி தலையைக் குனிந்தாள். உதட்டோரத்தில் சின்னதாகச் சிரித்தாள்.

கூட்டம் ஆர்ப்பரித்தது. பணத்தோடு கைகள் நீண்டன. கொண்டுவந்த குப்பிகள் அத்தனையும் தீர்ந்துபோயின. தப்பித்தோம் என்று பரஞ்சோதி பெருமூச்சு விட்டார். அந்த மூச்சு முடிவதற்குள் அவருக்கு வேறொன்று புரிந்தது. அந்தச் சிரிப்பில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு மயிரிழை கூடவில்லை, குறையவில்லை. எதுவுமே இல்லாமல் போன இந்தப் புருசனுக்கும், அந்தக் காலத்துக் காளைக்கும், அவள் வைத்திருந்தது ஒரே சிரிப்பு.

வேனில் ஏறியும் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"எப்படி அப்படியே சிரிச்சே?" என்று கேட்டார்.

"மொதமொத மைக்க நீட்டினப்ப அழுக வந்துச்சி. சிரின்னு சொன்னீங்க. சிரிச்சேன். இன்னிக்கும் அதான்."

அவர் கேட்டிருக்கவே கூடாததைக் கேட்டார்.

"நடுவுல?"

பிரேமாவதி காலி குப்பிப் பெட்டியை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள்.

"நடுவுலயும் அதான்," என்றாள்.

பரஞ்சோதி வேனை எடுத்தார். அடுத்த சந்தை தஞ்சோங் டாவாயில். அங்கேயும் அவள் வந்தாள், அங்கேயும் அவர் மைக்கை நீட்டினார், அங்கேயும் அவள் சிரித்தாள்.