சி.ஐ.டி. அக்காவின் படகுக் கண்ணாடி

படகுத்துறையில் அவளுக்கு சி.ஐ.டி. அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும். கடையில் எதையாவது நிறுத்தால் தராசுத் தட்டைத் தூக்கி அடியில் பார்ப்பாள். யாராவது காரணமில்லாமல் சிரித்துப் பேசினால் அன்று முழுக்க அந்தச் சிரிப்பையே யோசித்துக்கொண்டிருப்பாள்.

கணவன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். வருஷத்துக்கு ஒருமுறை வருவான். அவன் பங்குக்கு வந்த பாதிப் படகை அவள் ஓட்டினாள். மறு பாதி கொழுந்தனுடையது. விரிகுடாவின் மேற்குக் கரையில் ஒரு தொழிற்சாலை இருந்தது. காலை வேலைக்காரர்களைக் கொண்டுபோய் விடுவது அவள். மாலை வேலைக்காரர்கள் அவன் பொறுப்பு. மதியம் சாவி கைமாறும் இரண்டு நிமிஷம்தான் இருவரும் பார்த்துக்கொள்வது.

மழைக்காலம் முடிந்தபின் ஒரு காலையில் முன்கண்ணாடியில் புகை படிந்ததுபோல் ஒரு மங்கல் தெரிந்தது. உப்புத்தான் என்று தோளில் கிடந்த துண்டால் அழுத்தித் துடைத்தாள். மறுநாள் மங்கல் கூடியிருந்தது. அடுத்த வாரம் உள்ளே முடி முடியாகக் கோடுகள். தானாக இப்படி ஆகுமா? ஓரத்தில் பேனாவால் சின்னப் புள்ளி வைத்து, அதற்கு இந்தப் பக்கம் எத்தனை கீறல், அந்தப் பக்கம் எத்தனை என்று காலண்டர் தாளின் பின்னால் குறித்துவைத்தாள். மூன்றே நாளில் கணக்கு தப்பியது. மாலையில் படகைத் தொடுவது ஒரே ஒரு ஆள்தான்.

அந்த நேரம் பார்த்து டிக்கெட் கிழிப்பவர் வாயைத் திறந்தார். "நேத்து உங்க கொழுந்தன் யாரோ ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து இன்ஜினெல்லாம் திறந்து காட்டிட்டு இருந்தாரேக்கா. தெரிஞ்சவங்களா?"

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. படகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுப்பது, அவளை அலுத்துப்போகச் செய்வது, பிறகு விற்பது. அன்று சாவியைக் கொடுக்கும்போது கொழுந்தனின் விரல்களை மட்டும் பார்த்தாள். நகத்தில் என்ன அழுக்கு?

மறுநாள் சீக்கிரமே கரைக்குத் திரும்பி நான்கு போல்ட்டையும் கழற்றி, கண்ணாடியைப் போர்வையில் சுற்றி பிளாஸ்டிக் ஷீட் கடைக்கு எடுத்துப்போனாள். கடைக்காரர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கங்கக்கா. இது கண்ணாடியே இல்ல, அக்ரிலிக்குங்கிற பிளாஸ்டிக்கு."

ஒரு மூலையில் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்தார். முரட்டுத் தாள், அதைவிட மெல்லிசு, அதைவிடவும் மெல்லிசு. கடைசியில் பாலீஷ் போட்டார். உள்ளங்கை அகலத்துக்கு மேற்பரப்புக் கீறல் போய்விட்டது. ஆனால் உள்ளே அந்த முடிக்கோடுகள் அப்படியே மின்னின.

"இது கீறல் இல்ல, வெடிப்பு. ஜன்னலுக்கு அடிக்கிற நீலத் தண்ணி அடிச்சிருக்கீங்க. அது பட்டா அக்ரிலிக்கு உள்ளயே வெடிக்கும்."

"நான் அடிக்கவே இல்லண்ணே. சத்தியமா." மனசுக்குள் அவளுக்கு ஒரு வெற்றி.

"மேல வட்ட வட்டமா இருக்கே, அது உப்பு காய்ஞ்சப்புறம் வறட்டுத் துணியால துடைச்சது. உப்புக்கல்லு அரம் மாதிரி அராவும்."

அவள் தோளிலிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டாள். "ஓ" என்றாள்.

அன்று மதியம் கண்ணாடியைத் திரும்ப மாட்டிவிட்டுக் கொழுந்தனைப் பிடித்துக்கொண்டாள். துண்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

"தம்பி, நீலத் தண்ணி அடிச்சியா இல்லையா?"

"அடிச்சேன். தினமும் மங்கலா விட்டுட்டுப் போறது நீங்க. துடைக்கிறது நானா இருந்தா, கேள்வியும் எனக்கா?"

"அந்த ஆள் யாரு? இன்ஜின் பார்த்தவரு."

அவன் முகம் தொங்கிப்போனது. "வாங்கறவர்தான் அண்ணி. மறைக்கலை. சொல்லத்தான் தைரியம் வரலை."

"ஏன் விக்கணும்?"

"சொன்னா நம்ப மாட்டீங்க. சாயந்தரம் கூட வாங்க."

போனாள். முன்வரிசையில், அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஏதாவது நாடகமாடினால் பிடித்துவிடுவது என்று கண்ணை எடுக்கவில்லை. பாதி விரிகுடா தாண்டியதும் சூரியன் நேர் எதிரே இறங்கியது. அவ்வளவுதான். கண்ணாடி முழுதும் ஒரே வெள்ளை. நாற்பது பேர் பின்னால் அரட்டையடித்துக்கொண்டிருக்க, கொழுந்தன் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, தலையைப் பக்கவாட்டில் வெளியே நீட்டி, நீர் தெறிக்கத் தெறிக்கக் கண்ணைச் சுருக்கி ஓட்டினான். காலையில் அவள் போகும்போது வெயில் முதுகில் இருக்கும். திரும்புவது உச்சி வேளையில். இந்த வெள்ளையை அவள் பார்த்ததே இல்லை.

கரையில் இறங்கியதும் அவன் சொன்னான். "போன வாரம் ஒரு வலைக்காரரோட சின்னப் படகு கைக்கெட்டுற தூரத்துக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. திருப்பிட்டேன். வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன். என்னால ஒரு உயிர் போயிடும் அண்ணி. அதான் வித்துடலாம்னு..."

அவள் தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்தாள். "துண்டால துடைச்சது நான்தான்" என்றாள்.

அந்த வார விடுமுறையில் இருவரும் கடைக்குப் போனார்கள். பழையதை வைத்துக் கோடு இழுத்துப் புது ஷீட்டை அறுத்தார் கடைக்காரர். துளைகளைப் போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரிதாகவே போட்டார். "வெயில்ல விரியும், இடம் வேணும். ரொம்ப முறுக்கிடாதீங்க. முதல்ல நல்ல தண்ணி ஊத்தி உப்பைக் கரைங்க, அப்புறம்தான் சோப்புத் துணி." படகில் கொழுந்தன் முறுக்க, அவள் பின்னால் வாஷரைப் பிடித்தாள். கடைசியாகப் புது ஷீட்டில் ஒட்டியிருந்த காப்புத் தாளை உரித்தபோது, அங்கே எதுவுமே இல்லாததுபோல் கடல் தெரிந்தது.

வாங்க வந்தவர் அப்புறம் வரவில்லை. அவன் நிஜமாகவே வேண்டாமென்று சொன்னானா, அவரே பின்வாங்கினாரா என்பது அவளுக்கு இன்றுவரை தெளிவில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து, வாரம் விட்டு வாரம் மாலையில் படகைத் தானே ஓட்டுவதாகச் சொன்னாள்.

"உனக்கும் கண்ணுக்கு ஓய்வா இருக்கும் தம்பி."

கொழுந்தன் சாவியை உடனே நீட்டவில்லை. அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"எதுக்கு அண்ணி, திடீர்னு?"