நீல மூடிக் குப்பி

எங்கள் வீட்டு அலுமாரியில், மாதா படத்தின் காலடியில், சுண்டுவிரல் அளவில் ஒரு பிளாஸ்டிக் குப்பி இருக்கிறது. நீல மூடி. மூடியின் வரிகளில் ஏறிய கடல் மணல் எத்தனை முறை கழுவியும் முழுதாகப் போகவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம், சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு பள்ளிமுனைக் கரையை நோக்கி விறுவிறென்று நடந்த மாமியின் முதுகுதான் கண்ணில் வரும்.

மாமி என் அப்பாவின் தங்கை. என் மனைவியின் தாய். பிறந்ததிலிருந்தே அவருக்குக் காது கேட்காது, பேச்சும் இல்லை. எல்லாம் கையாலும் கண்ணாலும்தான். ஆனால் வெளியே சொல்ல எங்களிடம் வேறொரு கதை இருந்தது. ஷெல் குண்டுச் சத்தத்தில் காது போய்விட்டது என்போம். சண்டையில் போனதென்றால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். பிறவியிலேயே என்றால் அந்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். சொந்த மச்சாளைக் கட்டிய எனக்கு உண்மை தெரியும். தெரிந்தும் நானும் அதையே சொல்லி வந்தேன்.

எங்கள் மகள் ஒன்றரை வயதாகியும் கூப்பிட்டால் திரும்பவில்லை. என் அம்மா கண்டுபிடித்த காரணம் மாதா கோயில் திருநாள் வெடி. "வயித்துப் பிள்ளையோட வெடி பாக்கப் போகாதை எண்டு தலைதலையா அடிச்சுச் சொன்னனான். கேட்டவளே?" என்பார். அதற்குப் பிறகு மனைவி திருநாளுக்குப் போவதையே விட்டுவிட்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கடலில் கத்துவேனே தவிர, நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அம்மா முன்னால் சுத்தமாக வராது.

அந்த நாட்களில்தான், காது கேளாமை குடும்பங்களில் எப்படி இறங்கி வருகிறது, அதற்கு என்ன வைத்தியம் என்று பார்க்கும் குழு ஒன்று வந்தது. யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா, கொழும்பிலிருந்து ஒரு சிங்கள மிஸ், இவர்களோடு சேர்ந்து வேலை செய்யும் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று. கோயில் மண்டபத்தில் கதிரைகளைப் போட்டு, யார் யாரைக் கட்டினது என்று ஒரு பெரிய தாளில் வட்டமும் சதுரமுமாகக் கீறினார்கள். கேட்காதவர்களுக்கு உள்ளே கறுப்பு அடித்தார்கள். பிறகு ஆளுக்கொரு குப்பி. கோடு வரைக்கும் துப்பிக் கொடுக்க வேண்டும். துப்பலில் பரம்பரை தெரியுமாம். "அப்ப வெத்திலை போடுற எனக்கு ரோட்டெல்லாம் பரம்பரைதான்" என்றார் பெரியப்பா. சிங்கள மிஸ்ஸுக்கு யாரோ மொழிபெயர்க்க, அவரும் சிரித்தார்.

டொக்டர் அம்மா மாமியின் வட்டத்தில் பேனையை வைத்தார்.

"இவவுக்கு எப்ப தொடக்கம் கேக்கிறேல்லை?"

"அது ஷெல் சத்தத்திலை, பிள்ளை" என்றார் அம்மா.

வட்டம் வெள்ளையாகவே நின்றது. தாளில் என் மகள் மட்டும் கறுப்பு.

"ஒராள்தான் எண்டால் பரம்பரை எண்டு சொல்லேலாது. வேற காரணமாயும் இருக்கலாம்."

அம்மா திரும்பி என் மனைவியைப் பார்த்தார். அவள் குனிந்துகொண்டாள். எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த மாமி எழுந்தார், குப்பியோடு வெளியே போனார். கோபித்துப் போகிறார் என்று நினைத்து நான் பின்னால் ஓடினேன்.

கவிழ்த்து வைத்திருந்த வள்ளத்தின் மறைவில் நின்று அவர் கோயிலைக் காட்டினார், சிலுவை போட்டார், கன்னத்தில் தட்டிக்கொண்டார். கோயில் வளவுக்குள் துப்பலாமா என்பதுதான் சங்கதி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்ததில் குப்பி கைதவறி மணலில் விழுந்தது.

குனிந்தவர் அதை எடுக்கவில்லை. டொக்டர் அம்மா கீறியது போலவே விரலால் மணலில் ஒரு பெரிய வட்டமும் ஒரு சின்ன வட்டமும் கீறினார். அலையோரத்துக் கறுத்த ஈர மணலை அள்ளி இரண்டையும் நிரப்பினார். பெரிய வட்டத்தைக் காட்டித் தன் நெஞ்சில் தட்டினார். கைக்குழந்தையை ஏந்துவது போல் கைகளை ஆட்டிவிட்டுக் காதைத் தொட்டு, இல்லை என்று தலையசைத்தார். மண்டபத்தில் இருந்த தன் மகளைக் காட்டி, கன்னத்தில் விரலால் கண்ணீர்க் கோடு இழுத்தார். கடைசியாக என் வாயைத் தொட்டார்.

நான் மண்டபத்துக்குத் திரும்பி வந்து அம்மா முன்னாலேயே சொன்னேன். "மாமிக்குப் பிறவியிலேயே கேக்காது, டொக்டர். ஷெல் இல்லை. நாங்கள்தான் மாத்திச் சொன்னனாங்கள்."

"உனக்கென்ன விசரா?" என்றார் அம்மா.

டொக்டர் அம்மா மாமியின் வட்டத்துக்குக் கறுப்பு அடித்தார். மணல் பட்ட குப்பி உதவாதென்று எங்களிடமே விட்டுவிட்டு மாமிக்குப் புதிது கொடுத்தார். அதையும் அவர் கரையில்தான் போய் நிரப்பி வந்தார்.

சில மாதங்கள் கழித்து டொக்டர் அம்மா எங்களை இருத்திச் சொன்னார்: "ரெண்டு பக்கத்தாலையும் பழுதான பரம்பரைக் கூறு வந்தால்தான் பிள்ளைக்கு இது வரும். மாமியிட்டையிருந்து இவவுக்கு ஒண்டு, உங்கடை அப்பா வழியாலை உங்களுக்கு ஒண்டு. வெடிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்த வகைக்கு உள்காதிலை கருவி வைச்சால் நல்ல பலன் இருக்கும்." அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். அன்று மத்தியானம் பொரித்த மீனின் நடுத்துண்டை எடுத்து என் மனைவியின் சோற்றுக் கோப்பையில் வைத்தார். மன்னிப்பென்று வேறு எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

மகளுக்குக் கருவி வைப்பதற்கு முன்பே மாமி போய்விட்டார்.

இந்த வருடத் திருநாளுக்கு மனைவி வந்தாள், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு. முதல் வெடி வெடித்ததும் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீரிட்டாள். "மச்சான், பயப்பிடுறாள்! பிள்ளை பயப்பிடுறாள்!" என்று ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தினாள் மனைவி. கண்ணெல்லாம் தண்ணீர்.

வீட்டுக்கு வந்து நீல மூடியைத் திறந்தேன். கருவிக்கான சின்னப் பற்றரிகளை அந்தக் குப்பிக்குள்தான் வைத்திருக்கிறோம். எடுத்த பற்றரியில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தது. ஊதிவிட்டு மாட்டினேன். மகள் விளையாட ஓடினாள். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, கத்தாமல், வழக்கமான குரலில் கூப்பிட்டுப் பார்த்தேன்.

திரும்பினாள்.