தோணியில் நான் நோண்டிய கருப்பு

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் முதல் பட்டதாரி நான். அந்தப் பெருமையை, மழை விட்ட பிறகும் கழற்றாத மழைக்கோட்டு மாதிரி, ஐம்பது வயது தாண்டியும் போட்டுக்கொண்டு திரிகிறேன். நான் படிப்பதற்காக எட்டாம் வகுப்போடு நின்று, கொழுந்துச் சாக்கு தூக்கப் போனவர் என் அண்ணன்.

பழைய துரை பங்களா இப்போது சுற்றுலா விடுதி. அங்கே மலைச்சரிவில் புல் வெட்டியே முழங்கால் போன அண்ணனுக்கு, போன வருஷம் நீர்த்தேக்கத்தில் விருந்தினர்களுக்குத் தோணி வலிக்கும் வேலை கிடைத்தது. உட்கார்ந்து செய்கிற வேலை. அதன்பிறகுதான் அவர் இரவில் தைலம் தேய்க்காமல் தூங்கினார். சீசனுக்கு முன் தோணியின் பழைய வார்னிஷைச் சுரண்டிப் புதிது பூச வேண்டும் என்றார் மேனேஜர்.

நான் ஆசிரியராக இருக்கும் பள்ளிக்கு விடுமுறை, டிக்கோயாவிலிருந்து உதவிக்குப் போனேன். பஸ்ஸில் கைப்பேசியில் மூன்று வீடியோ பார்த்தேன். இறங்கும்போது நான் நிபுணன்.

இரண்டு நாள் சுரண்டினோம். வார்னிஷ் சுருள் சுருளாக வந்தது. பலகைகள் சேரும் இடுக்குகளில் மட்டும் கருப்பாக ஏதோ இறுகிக் கிடந்தது. ஆணியால் நோண்டத் தொடங்கினேன்.

“தம்பி, அந்தக் கருப்ப விட்டுருவமா? ஏதோ காரணமாத்தான் வச்சிருப்பாங்க” என்றார் அண்ணன்.

“அழுக்குண்ணே. எல்லாத்தையும் எடுத்தாத்தான் மரம் மூச்சு விடும்.”

தேத்தண்ணீர் கொண்டுவந்த அண்ணி சிரித்தார். “மாஸ்டரப் பாத்தா பல்லு டாக்டரு மாதிரியில்ல இருக்கு!”

“படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று அண்ணனும் ஓர் ஆணியை எடுத்துக்கொண்டார். எனக்கு அது இனித்தது.

புது வார்னிஷ் காய்ந்ததும் மேனேஜர் முன்னிலையில் தோணியை இறக்கினோம். பத்தடி போவதற்குள் அண்ணனின் கணுக்கால் வரை தண்ணீர். அந்தக் கருப்பு, தண்ணீர் புகாமலிருக்க குங்கிலியம் காய்ச்சி அடைத்த அடைப்பு.

“யாரு இத நோண்டினது?” என்றார் மேனேஜர். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

நான் வாயைத் திறந்தேன். திறந்தது மட்டும் உண்மை.

“நான்தாங்க சார். அழுக்குன்னு நெனச்சிட்டேன்” என்றார் அண்ணன், ஈரக் காற்சட்டையோடு.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “மாஸ்டர், நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருக்கணும் சார்” என்றேன்.

திங்கட்கிழமையிலிருந்து அண்ணன் மறுபடி புல் வெட்டப் போனார். என்னை பஸ் ஏற்ற வந்தபோது, ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன்.

“அந்த ஆளு ஒன்ன மாஸ்டர்னு கூப்பிடுறாருல்ல. அது அப்படியே இருக்கட்டும்டா.”

என் பையைத் தூக்கி பஸ்ஸில் வைத்துவிட்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து மேட்டில் ஏறிப் போனார். விடுதி வாசல் அடுத்த நிறுத்தம்தான். இறங்கியிருக்கலாம். டிக்கோயாவுக்கு டிக்கெட் வாங்கினேன்.

மேனேஜரிடம் இன்னும் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன். அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. எழுத உட்காரும் முன்பே எனக்கு அது தெரியும்.