ஷார்ட் லெக்கில் நின்றவன்

காளிச்சாமி பீளமேட்டில் ஒரு பம்ப்செட் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மதன்குமாரின் கிரிக்கெட் டீமுக்கு ஆடினான். மதன்குமார்தான் கேப்டன். அவன் குடும்பத்துத் தோட்டத்தில்தான் காளிச்சாமியின் அப்பா கூலிவேலை பார்த்தார்.

டீமில் சேர்ந்த நாள் முதல் காளிச்சாமிக்கு ஒரே இடம், ஷார்ட் லெக். பேட்ஸ்மேனின் கால் பக்கம், மட்டை வீச்சுக்குச் சற்றுத் தள்ளி, முட்டியை மடக்கிக் குனிந்து நிற்க வேண்டும். மட்டையில் லேசாகப் பட்டு எழும் பந்தைப் பிடிக்கத்தான் அந்த இடம். ஓங்கி அடித்தால் விலக நேரமிருக்காது. இருந்த ஒரே ஹெல்மெட் கேப்டனின் பையில் கிடக்கும். காளிச்சாமிக்கு ஸ்லிப்பில் நிற்க ஆசை. கீப்பருக்குப் பக்கத்து இடம் அது. கேப்டனின் கூட்டாளிகளைத் தவிர யாரும் அங்கே நின்றதில்லை.

அன்று மதன்குமாரே பந்து வீசினான். குட்டையாகக் குத்தி எழும்பிய பந்தை, எதிர் டீமில் ஆடிய மேட்டுப்பாளையம் ரிஃபத் மூர்க்கமாகத் திருப்பி அடித்தான். அது நேராகக் காளிச்சாமியின் தாடையில் மோதியது. மோதிய வேகத்தில் மேலே எழும்பியதை மதன்குமார் ஓடிவந்து பிடித்தான்.

"அவுட்டு!"

எல்லாரும் அவனைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். காளிச்சாமி மண்ணில் கவிழ்ந்து, ரத்தத்தோடு பல்லைத் துப்பிக்கொண்டிருந்தான். மட்டையை எறிந்துவிட்டு ஓடிவந்து அவனைத் தூக்கியவன் ரிஃபத். பைக்கில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். போய்ச் சேர்வதற்குள் ரிஃபத்தின் முதுகெல்லாம் ரத்தம்.

தாடைக்குக் கம்பி கட்டினார்கள். வாயைத் திறக்க முடியாமல் கஞ்சியை உறிஞ்சிக் குடித்துக் கிடந்தான். மதன்குமார் எட்டிப் பார்க்கவில்லை.

ஆட்டத்தை மட்டும் அவனால் விட முடியவில்லை. கம்பி எடுத்ததும் மைதானத்துக்குப் போனான். மதன்குமார் பழைய இடத்தையே கைகாட்டினான்.

"ஸ்லிப்புல நிக்கறனுங்க."

"ஏண்டா, பயமா?"

"அப்படின்னா அந்த ஹெல்மெட்டையாச்சும் குடுங்க."

"உன்ற மண்டைக்கு ஹெல்மெட்டா? உங்கப்பன் எங்க தோட்டத்துல எங்க நிக்கோணும்னு எங்கப்பா சொல்றாரு. இங்க நீ எங்க நிக்கோணும்னு நான் சொல்றன். போடா!" என்று அவன் தாடையில் தட்டினான் மதன்குமார்.

வலி மூளைக்குள் ஏறியது. காளிச்சாமி ஸ்டம்ப்பைப் பிடுங்கி அவன் தோளில் இறக்கினான். மதன்குமார் அலறி விழுந்தான். மறுபடியும் ஓங்குவதற்குள் கூட்டாளிகள் மட்டைகளோடு பாய்ந்தார்கள். காளிச்சாமியைக் கீழே தள்ளி, வலது கையை மிதித்து, விரல்கள்மேல் அடித்தார்கள். அம்பயராக நின்றவர் கத்திக் கத்தித்தான் விலக்க முடிந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் இரு தரப்பையும் சமாதானம் பேசி அனுப்பினார்கள். மறுநாளே மதன்குமார் வீட்டில் அப்பாவைத் தோட்டத்துக்கு வர வேண்டாம் என்றார்கள்.

"அவன அடிச்சதுக்கு வருத்தமில்லீங்கப்பா. உங்க வேல போயிருச்சுங்களே," என்று காளிச்சாமி அழுதான்.

அப்பா அவன் கைக்கட்டைச் சரிசெய்தார். பிறகு பெருந்துறையில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனார்.

கட்டுப் பிரித்தபின் ரிஃபத் தன் டீமுக்குக் கூப்பிட்டான்.

"எங்க நிக்கறீங்க?"

இதுவரை யாரும் அவனை அப்படிக் கேட்டதில்லை. காளிச்சாமி ஸ்லிப்பில் போய் நின்றான். வந்த முதல் கேட்ச், சரியாக மடங்காத விரல்களில் பட்டுத் தெறித்துக் கீழே விழுந்தது. வலியில் கையை உதறிக்கொண்டு, யார் திட்டப்போகிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தான்.

"அங்கயே நில்லுங்க," என்றான் ரிஃபத்.