மீன் முகத்துப் பெண்ணை நான் விசாரித்த கதை

என் மகளின் புத்தகத்தை அவளுக்குத் தெரியாமல் எடுத்து வந்து திறந்தபோது, முதல் பக்கத்திலேயே அது என்னை அதட்டியது. நில்லுங்கள், இது கடைசிப் பக்கம், புத்தகத்தைத் திருப்பிப் பிடித்து மறுபக்கத்திலிருந்து வாருங்கள் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். ஜப்பான்காரர்களின் படக்கதை அது. மாங்கா என்று பெயர். அவர்கள் வலமிருந்து இடமாகத்தான் படிப்பார்களாம். சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் அதை இப்படியும் அப்படியும் புரட்டுவதைப் பக்கத்து இருக்கைப் பூக்காரம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். “எழுத்து தெரியலையாக்கா? கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டியளா?” என்றாள். படம் பார்க்கிறேன் என்று சொன்னேன். அவளும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள்.

பெற்ற பிள்ளையின் புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் படிக்கும் நிலைமை எனக்கு ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து அவள் போகவில்லை. முதலில் வயிற்றுவலி என்றாள். டாக்டர் ஒன்றுமில்லை என்றதும் தலைவலி என்றாள். பிறகு காரணம் சொல்வதையே விட்டுவிட்டாள். வகுப்பு டீச்சர் போன் செய்து, இப்படியே போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்றார். அதைச் சொன்னதும் மகள் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் சின்னதாக ஒரு விசைத்தறிக்கூடம் வைத்திருக்கிறார். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகியவர், வீட்டிலும் அதே குரல்தான். “அந்தப் பொம்மைப் புஸ்தகத்தைப் பிடுங்கி அடுப்புல போடுட்டி, எல்லாம் சரியாப் போவும்” என்றார். அதை நெட்டில் ஆர்டர் போட்டு அவளுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.

எனக்கு அடுப்பில் போட மனமில்லை. நான் தாலுகா ஆபீஸில் கிளார்க். ஒரு மனு வந்தால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்க்காமல் மேலே அனுப்பமாட்டேன். ஆபீஸில் எனக்கு இதனால் கெட்ட பெயர்கூட உண்டு. வாயே திறக்காத பிள்ளை அந்த ஒரு புத்தகத்தை மட்டும் முடித்து முடித்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் விஷயம் அதற்குள்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். ராத்திரியெல்லாம் படித்துவிட்டு அவள் பகலெல்லாம் தூங்குவாள் என்பதால், காலையில் அதைப் பையில் போட்டுக்கொண்டு போய், சாயங்காலம் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன்.

கதை ஒரு பள்ளிக்கூடத்தில் நடக்கிறது. பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள். ஒருத்தருக்கும் மனசு நேராக இல்லை. ஒருவன் தோல் உரியும்வரை கை கழுவுகிறான். இன்னொருவன் யார் என்ன சொன்னாலும் சிரிக்கிறான், வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று அந்தச் சிரிப்பைப் பழகுகிறான். சண்டை, கொலை எதுவும் கிடையாது. ஒருவன் கையைக் கழுவுவதை இத்தனை பக்கம் வரைந்திருக்கிறார்களே, இதில் என்ன இருக்கிறது என்று எரிச்சலாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் அவன் குழாயை மூடிவிட்டு மறுபடி திறக்கும் இடத்தில் பேருந்து என் நிறுத்தத்தைத் தாண்டிவிட்டது.

நடுநாயகம் ஒரு பெண். அவளுடைய அப்பா மீன் சந்தையில் வேலை பார்க்கிறார். ஒருநாள் வகுப்பில் யாரோ அவளை மீன் என்கிறார்கள். அடுத்த படத்தில் அவளுக்கு முகம் மாறிவிடுகிறது. உடம்பு, சீருடை, பை எல்லாம் அப்படியே இருக்க, கழுத்துக்கு மேலே மீன். அதற்குப் பிறகு எந்தப் பக்கத்திலும் அவளுக்கு மனுஷ முகம் கிடையாது. சாப்பிடும்போதும் மீன், அழும்போதும் மீன். பாதிப் புத்தகம் தாண்டிய பிறகு எனக்கே அவளுடைய பழைய முகம் ஞாபகம் வரவில்லை. பக்கங்களைப் பின்னால் தள்ளிப் போய்ப் பார்த்தேன். கன்னத்தில் ஒரு மச்சம் வைத்த, சாதாரணமான, நல்ல முகம். அதை நான் எப்படி அவ்வளவு சுலபமாக மறந்தேன் என்று ஆபீஸ் போய்ச் சேர்ந்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தப் பெண் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டு அறைக்குள் அடைந்துகொள்கிறாள். அத்தோடு முதல் பாகம் முடிகிறது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் பிள்ளைக்கும் யாரோ பெயர் வைத்திருக்கிறார்கள். அது என்ன பெயர் என்று கண்டுபிடிப்பதுதான் பாக்கி. சாப்பாடு போடும்போது அவள் முகத்தை உற்று உற்றுப் பார்த்தேன். என் அம்மாவின் காது, அவள் அப்பாவின் நெற்றி. எதை வைத்துக் கேலி செய்திருப்பார்கள் என்று பிடிபடவில்லை. “என்னம்மா?” என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

மறுநாள் பேருந்து நிலையத்தில் அவளுடைய நெருங்கிய தோழியைப் பிடித்தேன். “உங்க கிளாஸ்ல எம்பிள்ளையை யாரு கேலி பண்ணுதா? உள்ளதைச் சொல்லு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றேன். அந்தப் பெண் விழித்தாள். “அவளையா ஆன்ட்டி? அவளை யாரு கேலி பண்ணுவா?” என்று சொல்லிவிட்டு, பஸ் வந்துவிட்டது என்று ஓடினாள். அவள் ஓடிய திசையில் பஸ் ஒன்றும் நிற்கவில்லை. இவள் பெயரையும் சந்தேகத்தில் சேர்த்துக்கொண்டேன்.

புத்தகத்தில் எனக்குப் பொறுக்காத விஷயம் ஒன்று இருந்தது. அறைக்குள் அடைந்த பெண்ணுக்கு ஒரு அம்மா உண்டு. ஆனால் அந்த அம்மாவை முழுசாக வரையவே இல்லை. கதவுக்கு வெளியே சாப்பாட்டுத் தட்டை வைக்கும் இரண்டு கை, அவ்வளவுதான் அவள். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து சமைக்கிறவளுக்கு இதுதான் மரியாதையா என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் மகள் புத்தகத்தோடு அடுப்படிக்கு வந்து நின்றாள். உள்ளேயிருந்து என் பஸ் டிக்கெட்டை எடுத்துக் காட்டினாள். படித்த இடத்துக்கு அடையாளமாக வைத்தவள், அந்தக் கோபத்தில் எடுக்க மறந்திருக்கிறேன்.

“இது நீதானேம்மா?”

மறுக்க முடியவில்லை. “ஆமா, நாந்தான். அந்த அம்மாக்காரிக்கு ஏன் மூஞ்சியே இல்லை? என்னை இப்படி வெறும் கையா வரைஞ்சிருந்தா நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். அடுத்த பாகத்துலயாவது காட்டுதாங்களா?” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். காலாண்டுப் பரீட்சைக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. அந்தத் தைரியத்தில் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டேன்: “உன்னை என்ன பேரு சொல்லிக் கூப்பிடுதாங்க மக்கா? யாருட்டி அது?”

சிரிப்பு நின்றுபோனது. “அந்த மீன் நான்னு நெனச்சியா?” என்றாள்.

“வேற யாரு?”

“நான் கதைக்குள்ளயே இல்லம்மா. இந்தப் புஸ்தகத்தை வரைஞ்சாங்கள்லா ஒருத்தங்க, அவங்க மாதிரி. நான் வரைஞ்சவ.”

பிறகு கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னாள். அவள் வகுப்பில் ஒரு பெண், திருவேங்கடம் போகும் வழியில் உள்ளே தள்ளி ஒரு கிராமம். வீட்டில் ஆடு வளர்க்கிறார்கள். காலையில் ஆட்டை அவிழ்த்துவிட்டு, அவசரமாக பஸ் பிடித்து வருகிறவள். பக்கத்தில் உட்கார்ந்தால் வாடை அடிக்கிறது என்று யாரோ ஆரம்பித்திருக்கிறார்கள். என் மகளுக்கு நன்றாக வரைய வரும். அந்தப் பெண்ணின் இரட்டைச் சடையையும் ரிப்பனையும் அப்படியே வைத்து, முகத்தை மட்டும் ஆடாக வரைந்திருக்கிறாள். அதை வாட்ஸ்அப்பில் அனுப்புகிற ஸ்டிக்கராக மாற்றித் தோழி ஒருத்திக்கு மட்டும் அனுப்பியிருக்கிறாள். நான் பேருந்து நிலையத்தில் மடக்கினேனே, அவளுக்குத்தான். பொழுது விடிவதற்குள் அது வகுப்பு முழுக்கப் போய், மற்ற வகுப்புகளுக்கும் போய்விட்டது. வரைந்தது யார் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. அந்தப் பெண் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாள். அவள் இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல்தான் இவளும் நின்றிருக்கிறாள்.

கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. என் பிள்ளையை யாரும் எதுவும் செய்யவில்லை, அப்பாடா என்றுதான் இருந்தது. அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. நான் காலையில் ஏறுகிற பேருந்திலிருந்துதான் அந்தப் பெண் தினமும் இறங்குவாளாம். ஊர் வம்பையெல்லாம் கவனிக்கிற எனக்கு, ஒரு பிள்ளை இறங்குவது நின்றுபோனது தெரியவில்லை. வெட்கமாகவும் இருந்தது, மகள் மேல் அடக்க முடியாத கோபமாகவும் இருந்தது. “அவ வீடு எங்கன இருக்குன்னு தெரியுமா?” என்று மட்டும் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். மழை பெய்து கரிசல் மண் செருப்பை விடாமல் பிடித்துக்கொண்டது. கடைசியில் இருவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். அந்தப் பெண் வீட்டு வாசலில் ஆட்டுக்குட்டிகள் தின்ன வேப்பங்குழையைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி கயிற்றைக் கட்டத் தொடங்கினாள். அவளுடைய அம்மாதான் ஓடி வந்தாள்.

“ஸ்கூல்ல இருந்தா வாரிய? வாங்கக்கா, உள்ள வாங்க. ஏன் போகமாட்டேங்கான்னு கேட்டுக் கேட்டு ஓஞ்சுபோனேன். நீயாவது தேடி வந்தியே மக்கா” என்று என் மகளின் கன்னத்தை வழித்தாள். கடுங்காப்பி போட உள்ளே போனாள்.

என் மகள் என்னைப் பார்த்தாள். தோழி என்றே இருந்துவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம். ஒருவரும் எதுவும் கேட்கப்போவதில்லை. நான் தலையை ஆட்டவுமில்லை, வேண்டாம் என்று கண்ணைக் காட்டவுமில்லை. அந்தப் பெண்ணின் அம்மா டம்ளர்களோடு வெளியே வரும்வரை காத்திருந்து, அந்தம்மாவுக்கும் கேட்கும்படியாகவே என் மகள் சொன்னாள்: “அந்த ஸ்டிக்கரை நாந்தான் வரைஞ்சேன்.”

அந்தப் பெண் முடிச்சைப் போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தாள். “தெரியும். அந்த ரிப்பன் மடிப்பு உன்னைத் தவிர யாருக்கும் வராது. போர்டுல நீ வரையுததைத் தினமும் பாக்கேன்லா.”

“பின்ன ஏன் சொல்லல?”

“நான் எதுக்குச் சொல்லணும்? நீதானே வரைஞ்ச.”

அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என் மகள்தான் போனில் இருந்த படத்தை எடுத்து அவளுக்குக் காட்டினாள். அந்தம்மா டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டுப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் மகளை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: “இந்த ஆடுதான் எங்களுக்குச் சோறு போடுதுக்கா.” மன்னித்துவிடும்மா என்று நான் இழுத்ததை அவள் காதில் வாங்கவில்லை.

நாங்கள் கிளம்பும்போது அந்தப் பெண் பாதைவரை வந்தாள். “நீ கிளாஸ்ல எல்லார் முன்னாலயும் எந்திரிச்சு நின்னு சொல்லு, நாந்தான் வரைஞ்சேன்னு. அதுக்குப் பெறகு நான் வாரதா வேண்டாமான்னு யோசிக்கேன்” என்றாள். சரி என்றோ மாட்டேன் என்றோ கேட்காமல் திரும்பிப் போனாள்.

திரும்பும் பேருந்தில் என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. வகுப்பில் சொன்னால் விஷயம் பெரிதாகும். பள்ளிக்கூடத்தில் நடவடிக்கை எடுப்பார்கள். அடுத்த வருஷம் பிளஸ் டூ. பெற்ற வயிறு இல்லையா, பயந்துவிட்டேன். “ஏட்டி, ஹெச்.எம். கிட்ட மட்டும் நான் போய்ப் பக்குவமாச் சொல்லுதேன். கிளாஸ்ல சொல்லணும்னு என்ன இருக்கு?” என்றேன்.

“அப்ப அவ வரமாட்டாம்மா” என்றாள்.

திங்கட்கிழமை அவளே எழுந்து சீருடை போட்டுக்கொண்டாள். தறிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், “பாத்தியா, நான் சொன்னேம்லா, தன்னால போவான்னு” என்றார். அவரிடம் இன்னும் எதையும் சொல்லியிருக்கவில்லை. அன்று ஆபீஸில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் பள்ளிக்கூடம்தான் என்று ஓடிப்போய் எடுத்தேன்.

சாயங்காலம் நான் வரும்போது அவள் கட்டிலில் பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

“சொன்னியா?”

“சொன்னேன்.”

“டீச்சர் என்ன சொன்னாங்க?”

“உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க.”

“பிள்ளைங்க?”

அவள் பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். “இன்டெர்வலுக்குப் பெறகு எல்லாரும் எந்திரிச்சு வேற பெஞ்சுக்குப் போயிட்டாங்க. எம்பெஞ்சுல நான் மட்டுந்தான் இருக்கேன்” என்றாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் தலையைத் தடவினேன். “பரவாயில்லம்மா. அவ வந்தா உக்கார இடம் இருக்கு” என்றாள்.